ரெண்டு எலெக்சன் உயரம்

எங்கள் தொழிலில் இப்போதுதான் கண்டிப்பு வந்திருக்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலை மேல் புது ரோடு போடக் கூடாதாம். வேலையில் இருந்த காலம் பூராவும் ரோடு ரோலர் ஓட்டியவன் நான். இதைக் கேட்டதும், 'இப்பத்தான் தெரிஞ்சுதா சாமிங்களா?' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

சொன்னது சுரேஷிடம். என்னிடம் கிளீனராக இருந்து, இப்போது அதே அம்பத்தூர் பக்கத்தில் ரோலர் ஓட்டுகிறவன். போனில் புலம்பித் தீர்த்தான்.

"அண்ணே, இன்னாண்ணே அநியாயமா கீது! சொரண்டற மிஷினை எறக்கினா ஜனங்க குறுக்க வந்து நிக்கிறாங்க. சொரண்டாதே, அப்டியே மேல போட்டுட்டுப் போன்னு சண்டைக்கு வர்றாங்க. அவுங்க ஊட்டுக்குள்ள தண்ணி பூராம இருக்கத்தானே செய்யறோம்? அவுங்களே வேணாங்கறாங்களே, ஏண்ணே?"

"போன்ல சொல்ற கதை இல்ல நைனா. எழுதித் தரேன்" என்றேன். எழுத உட்கார்ந்து இரண்டு நாளாகிறது. என் கையெழுத்தை எட்டிப் பார்த்த என் சம்சாரம், "இது மேலயும் ஒரு தபா ரோலரை ஓட்டு, சமமாவட்டும்" என்கிறாள். சொல்லட்டும். மேனாம்பேட்டில் மாடி போர்ஷன் பார்த்துக் குடிவந்தவன் நான். ஏன் மாடி என்பது போகப் போகப் புரியும்.

தொழில் கற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளீனராகச் சேர்ந்தேன், டீசல் ஊற்றினேன், திட்டு வாங்கினேன், ஒரு நாள் ஸ்டியரிங்கைக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தது நாலே விஷயம். ஓரத்திலிருந்து நடுவுக்கு வா, நடுவில் முதலில் ஏறாதே. சூடாக இருக்கும் தார்க் கலவை மேல் வண்டியை நிறுத்தாதே, பள்ளம் விழும். உருளையில் தார் ஒட்டாமல் ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டே போ. திரும்பும்போது மெதுவாகத் திரும்பு. அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அம்பத்தூர், கள்ளிக்குப்பம், மேனாம்பேடு என்று சுற்று வட்டாரத் தெருக்களையெல்லாம் உருட்டியிருக்கிறேன். சில தெருக்களைத் திரும்பத் திரும்ப உருட்டியிருக்கிறேன்.

இந்தத் 'திரும்பத் திரும்ப'தான் விஷயம். எங்கள் பக்கத்தில் ரோடு எப்போது வரும் என்று பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம். எலெக்சன் வந்தால் வரும். தேதியை அறிவித்துவிட்டால் புது வேலை எதையும் தொடங்க முடியாது என்பதால், அதற்கு முன்னால் அடித்துப் பிடித்துக்கொண்டு தார் லாரிகள் ஓடும். சுரண்டவெல்லாம் யாருக்கு நேரம்? இருக்கிற ரோட்டைப் பெருக்கி, தாரைத் தெளித்து, கலவையைக் கொட்டி, "ஏத்துடா எத்திராஜ்!" என்பார்கள். ஏற்றுவேன். ஒவ்வொரு எலெக்சனுக்கும் ஒரு அடுக்கு. ரோடு தோசைக்கல்லில் தோசை மேல் தோசை சுட்ட மாதிரி வளர்ந்துகொண்டே போனது. வீடுகள் வளருமா? ஏறிப் போகிற வீடாக இருந்தது சமமாகப் போகிற வீடாகி, அப்புறம் இறங்கிப் போகிற வீடானது. வாசலில் இரண்டு வரிசைச் செங்கல் வைத்துத் தண்ணீரை மறித்துப் பார்ப்பார்கள். வசதி உள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினார்கள். இல்லாதவர்கள் மழைக்காலம் வந்தால் அரிசி டிரம்மைப் பரண் மேல் ஏற்றினார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் தமிழ்ச்செல்வி மேடம் எங்கள் வார்டுக்கு உதவிப் பொறியாளராக வந்தார். திண்டுக்கல் பக்கத்துப் பெண். குரலை உயர்த்தியே பேசமாட்டார். ஆனால் அவர் வேலை செய்யும் விதம் எனக்கு முதலில் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ரோட்டைப் பார்க்க வந்தவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு ஒரு வீட்டுக்குள் போனார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதவு வழியாக வெளியே பார்த்தார். அடுத்த வீடு. அதிலும் தண்ணீர், அதிலும் தரை.

"மேடம், இன்னா மேடம், ரோடு வெளியதானே கீது?" என்று கேட்டேவிட்டேன்.

"ரோட்டுல நின்னு பார்த்தா ரோடு நல்லாத்தாண்ணே இருக்கு. உள்ள உட்கார்ந்து பாருங்க" என்றார்.

அந்தக் கள்ளிக்குப்பம் தெருவில் ஒரு பக்கம் பழைய ஓட்டு வீடுகளும் ஷீட் வீடுகளும். எதிர்ப்பக்கம் புதிதாக எழும்பிய பிளாட்டுகள், வெளியூர்களிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த குடும்பங்கள். பிளாட்டுக்காரர்கள் கீழே கார் நிறுத்தம் விட்டு உயர்த்திக் கட்டியிருந்தார்கள், அவர்களுக்குக் கவலை இல்லை. பழைய பக்கத்தில் எல்லாவற்றையும்விடத் தாழ்வான வீடு கஜேந்திரனுடையது. அவன் அப்பா அங்கே வயல்வேலை செய்தவர். வயல் மனையானபோது ஒரு துண்டு மனை கிடைத்தது. கஜேந்திரன் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டிச் சம்பாதித்துக் கட்டிய வீடு அது. அவன் சம்சாரம் கலா, கட்டும்போது சித்தாள் வைக்காமல் செங்கல்லும் மணலும் தன் தலையிலேயே சுமந்திருக்கிறாள். நீலச் சுண்ணாம்பு அடித்த இரண்டு அறை. உள்ளே போக வேண்டுமென்றால் ரோட்டிலிருந்து மூன்று படி இறங்க வேண்டும், தலையையும் குனிய வேண்டும்.

மேடம் அங்கே டியூப் லெவல் வைக்கச் சொன்னார். இப்போது எல்லாவற்றுக்கும் கருவி வந்துவிட்டது; இது பழைய கொத்தனார் முறை. நீளமான கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது, விரலால் தட்டித் தட்டி வெளியேற்ற வேண்டும். ஒரு முனையில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, மறுமுனையிலும் அதே மட்டத்தில்தான் நிற்கும். ரோட்டின் மேல் ஒரு அடி ஸ்கேலை நட்டமாக நிறுத்தி, அதன் உச்சியில் என் முனையைப் பிடித்தேன். மேடம் மறுமுனையை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டிப் பிடித்தார். தண்ணீர் ஆடி ஆடி அடங்கும் வரை இருவரும் முனையை அசைக்காமல் பிடித்திருந்தோம். அங்கிருந்து ஒரு அடி கீழே இறக்கி, சாக்பீஸால் சுவர் முழுக்க ஒரு கோடு இழுத்தார்.

"இதுதாங்க ரோடு" என்றார்.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். கோடு என் முழங்காலுக்கு மேலே ஓடியது. கட்டிலைத் தாண்டி, கீழே வைத்திருந்த கேஸ் அடுப்பைத் தாண்டி, பிளக் போர்டைத் தாண்டிப் போனது. அந்த ரோட்டை அடுக்கடுக்காக உருட்டியவன் நான்தான். ஆனால் உருட்டினது எவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கலா கோட்டுக்குக் கிட்டே போய், தன் காலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஐயோ, அப்ப நாங்க ரோட்டுக்கு அடியிலயா கீறோம்?" என்றாள்.

மேடம் விடவில்லை. பெரிய அதிகாரிகளிடம் நடையாய் நடந்து, பழைய அடுக்குகளைச் சுரண்டி எடுத்துப் பழைய மட்டத்திலேயே ரோடு போட அனுமதி வாங்கிவிட்டார். அடுத்த எலெக்சன் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஏரியா கட்சிக்காரர் தாஸ் என்று ஒருவர், எந்தக் கட்சி என்று கேட்காதே, எல்லாக் கட்சியிலும் ஒரு தாஸ் இருக்கிறார், ஓடி வந்தார்.

"மேடம், சொரண்டறதெல்லாம் அப்பால வெச்சுக்கலாம். தலைவரு இந்த வாரமே ரோடு போட்டுத் தரேன்னு வாக்கு குடுத்துகீறாரு. மேல ஒரு லேயர் போட்டுட்டுப் போயிகினே இருங்க."

"தெருக்காரங்க சொல்லட்டும் சார். அவங்க வீடுதானே?" என்றார் மேடம்.

சாயங்காலம் ரேஷன் கடை முன்னால் கூட்டம் கூடியது. மேடம் பொறுமையாகச் சொன்னார். சுரண்டினால் ஒரு மாசம் போலத் தெரு குண்டும் குழியுமாக இருக்கும், தூசி பறக்கும், வண்டி வராது. ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வராது. தேதி அறிவித்தாலும், தொடங்கிவிட்ட வேலையை நிறுத்தமாட்டார்கள். சுரண்டாமல் மேலே போட்டால் நாலு நாளில் ரோடு தயார். மழை வந்தால் தண்ணீர் உள்ளே. "எது வேணும்? கை தூக்குங்க" என்றார்.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை. பிளாட்டுக்காரர்கள் சீக்கிரம் ரோடு கேட்பார்கள், பழைய பக்கத்துக்காரர்கள் சுரண்டச் சொல்வார்கள், சண்டை வரும் என்று நினைத்தேன். சண்டையே வரவில்லை. 'மேலேயே போடுங்க' என்பதற்குப் பிளாட்டுப் பக்கம் கை தூக்கியது. பழைய பக்கமும் கை தூக்கியது. முன்வரிசையில் நின்றிருந்த கஜேந்திரன் கையை எல்லோருக்கும் மேலே தூக்கிப் பிடித்திருந்தான்.

கலா கையை இறக்கியே வைத்திருந்தாள். "சொரண்டட்டும் மேடம்" என்றாள், பாதிக் குரலில்.

"நீ கம்முனு இரு" என்று அவளை அடக்கிவிட்டு, கஜேந்திரன் மேடத்தைப் பார்த்தான். "மேடம், நீங்க நல்லவங்க, ஒத்துக்கறோம். ஆனா பக்கத்துத் தெருவுல பாதாள சாக்கடைக்கு நோண்டிப் போட்டாங்களே, இன்னா ஆச்சு? நோண்டினது நோண்டினபடியே கெடந்துச்சு. ஆட்டோ உள்ள கவுந்துச்சு, தண்ணி லாரி வர்ல. நோண்டினவனும் வர்ல. எலெக்சனுக்கு முந்தி குட்த்தாத்தான் உண்டு. அப்பால எவன் வருவான்? கைக்கு வர்றத வுட்டுட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"தண்ணி உள்ள வருமேங்க, கோடு போட்டுக் காட்டினேனே?"

"தண்ணி நாலு நாள் மேடம். ரோடு அஞ்சு வருசம்."

கூட்டம் கைதட்டியது. தாஸ் விசிலே அடித்தார். மேடம் விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டார். வண்டிக்குத் திரும்பும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "நாம திரும்பி வருவோம்னு அவங்க நம்பலைண்ணே. அதை நான் எந்த லெவல் வச்சுக் காட்டுறது?"

நாலாம் நாள் ரோடு போட்டோம். கஜேந்திரன் எலுமிச்சம்பழம் வாங்கிவந்து உருளைக்குக் கீழே வைத்தான். கற்பூரம் காட்டினான். தெருப் பெண்கள் என் ரோலருக்கு ஆரத்தி எடுத்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பெரிய தட்டில் யாரும் எடுக்கவில்லை. தங்கள் வீட்டைப் புதைக்க வந்தவனுக்கே பொட்டு வைத்தார்கள். "ஏறு அண்ணாத்தே, ஏறு!" என்று கஜேந்திரன் கத்தினான். கலா வாசலுக்கு வரவில்லை. கடைசி ஓட்டம் முடிந்து பார்த்தபோது அந்த மூன்று படி, நாலு படி ஆக வேண்டிய நிலைமையில் இருந்தது.

எலெக்சன் முடிந்தது, தாஸின் தலைவர் ஜெயித்தார். மேடம் மாற்றலாகிப் போனார்.

அந்த வருஷ மழை பெய்த பெய்யில் எங்களையெல்லாம் மோட்டார் பம்போடு தெருத் தெருவாக அனுப்பினார்கள். கள்ளிக்குப்பம் தெரு என் பங்குக்கு வந்தது. கஜேந்திரன் வீட்டு வாசலில் நின்றபோது உள்ளே கேஸ் சிலிண்டர் மிதந்து சுவரில் டங் டங் என்று இடித்துக்கொண்டிருந்தது. சாக்கடைத் தண்ணீர். நாற்றம் குடலைப் பிடுங்கியது. நல்ல வேளை, ஆட்கள் முன்னாலேயே எதிர்ப் பிளாட் மாடிப்படியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் பம்பைப் போட்டு இறைத்தேன். இறைத்த தண்ணீரை எங்கே விடுவது? ரோட்டில் விட்டேன். ரோடு மேடு, வீடு பள்ளம். நான் விட்ட தண்ணீர் அப்படியே வழிந்து திரும்ப உள்ளே வந்தது. உள்ளேயிருந்து வெளியே, வெளியேயிருந்து உள்ளே. டீசல் தீர்கிற வரை ஒரே தண்ணீரையே இறைத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு கூத்தை என் சர்வீஸில் கண்டதில்லை.

தண்ணீர் தானாக வற்றிய பிறகு, விட்டுவந்த பம்பை எடுக்கப் போனேன். கட்டில் ஊறி உப்பியிருந்தது. பீரோவின் அடிப்பாகம் துருவேறியிருந்தது. சுவரில் ஈரக்கறை, மேடம் போட்ட கோட்டையும் தாண்டி நின்றது. கலா பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை.

கஜேந்திரன் என்னிடம், "அண்ணாத்தே, தலைவரு தண்ணில எறங்கியே வந்தாரு தெரியுமா? முட்டியளவு தண்ணி! பிரெட்டு, பால் பாக்கெட்டு எல்லாம் அவரு கையாலயே குட்த்தாரு" என்றான்.

"அடப்பாவி! அந்தாளு போட்ட ரோடாலதானேய்யா தண்ணியே வந்துச்சு?"

"தெரியாமயா கீறேன்? ஆனா ரோடு போட்றேன்னாரு, போட்டாரு. தண்ணில வந்து நின்னாரு. மத்தவன் எவன் வந்தான் சொல்லு? அடுத்த தபாவும் அவருக்குத்தான் என் ஓட்டு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. திட்ட வாயைத் திறந்தேன். 'மத்தவன் எவன் வந்தான்' என்று கேட்கிறானே, யாரைக் காட்டுவது? ஒருத்தி வந்தாள், டியூபில் தண்ணீர் ஊற்றிக் கோடு போட்டுக் காட்டினாள், அவளையும் மாற்றிவிட்டார்கள். பம்பை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

சுரேஷ், நீ கேட்ட 'ஏன்' இதுதான். அவர்கள் முட்டாள்கள் இல்லை. கணக்குப் போட்டுத்தான் குறுக்கே நிற்கிறார்கள். சுரண்டுவதை அவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். திரும்பப் போடுவதைப் பார்ப்போமா என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே, சுரண்டினால் தார் லாரியை அடுத்த நாளே கொண்டுவந்து நிறுத்தச் சொல் உன் ஆபீசர்களிடம். அதற்கு வக்கில்லை என்றால் ஜனங்களைத் திட்டாதே.

ஆனால் உனக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை என் சம்சாரத்திடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு கொஞ்ச நாள் ஒரு காண்டிராக்டரின் ரோலரை ஓட்டினேன். குத்தம்பாக்கம் பக்கம் வேலை முடிந்து, வண்டி கள்ளிக்குப்பத்துக்கு வந்தது. மறுபடி ஒரு எலெக்சன் வந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் மறுபடி ஒரு அடுக்கு. மத்தியானம் சாப்பாட்டுக்கு நிறுத்தியிருந்தபோது கஜேந்திரன் ஓடி வந்தான்.

"அண்ணாத்தே! உன்னத்தான் தேடிகினு வந்தேன். நம்ம மனையில ஒரு ரெண்டு ஓட்டம் ஓட்டிக் குடேன். உங்க காண்டிராக்டருகிட்ட கேட்டுட்டேன், ஓட்டிக்கச் சொல்லிட்டாரு."

போய்ப் பார்த்தேன். வீட்டைக் காணோம். கூரை ஓடுகளைப் பிரித்து, சுவர்களை ஜே.சி.பி. வைத்து அப்படியே உள்பக்கமாகத் தள்ளியிருந்தார்கள். அதன் மேல் லாரி லாரியாகக் கட்டட இடிபாடு. மனை முழுக்க மேடு. ரோட்டுக்குச் சமமாக இல்லை, ரோட்டையும் தாண்டி என் முழங்காலுக்கு மேல் உயர்ந்து நின்றது. ரோட்டிலிருந்து ஏற மண்ணாலேயே சரிவு போட்டு வைத்திருந்தான்.

"இன்னாய்யா இது, இவ்ளோ ஒசரம்?"

"மேஸ்திரி கேட்டாரு அண்ணாத்தே. எத்தினி எலெக்சன் தாங்கணும்னு கேட்டாரு. ஒண்ணுக்குப் போட்டா ஒரு ரேட்டு, ரெண்டுக்குப் போட்டா ஒரு ரேட்டாம். நான் ரெண்டுக்குப் போட்டுடுன்னுட்டேன். இனிமே எத்தினி ரோடு வேணா போடட்டும்!" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடி கணக்கில் கட்டடம் கட்டிப் பார்த்திருக்கிறேன், முழக் கணக்கில் பார்த்திருக்கிறேன். எலெக்சன் கணக்கில் அளந்து கட்டுவதை இப்போதுதான் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலில் நின்று அந்த மேட்டையும் தன் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் எல்லாவற்றையும்விடத் தாழ்வான வீடு இனி அவருடையது.

ரோலரைக் கிளப்பிக்கொண்டு போனேன். சரிவில் உருளையை ஏற்றப் போகும்போது, இடிபாட்டில் நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர்த் துண்டுகள் அங்கங்கே தலை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அம்மிக்கல் ஒன்று பாதி புதைந்து கிடந்தது. எஞ்சினை அணைக்காமல் பிரேக்கைப் பிடித்தேன். கஜேந்திரன் முன்னால் நின்று, "வா, வா, அப்படியே வா!" என்று கையை ஆட்டினான்.

கலா வண்டிக்குப் பக்கவாட்டில் வந்து நின்றாள். அழவில்லை. நான் ஏறி உட்கார்ந்திருந்த இடத்தின் கீழ்ப்படியில் கையை வைத்தாள். எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்க வேண்டுமே என்று அண்ணாந்து, சத்தமாகவே சொன்னாள்.

"பாத்து, மெதுவா ஓட்டுங்கண்ணே. கீழ எங்க ஊடு கீது."